உள்ளீடற்ற அலைச்சறுக்குப் பலகை: கட்டுதல், ஓட்டுதல், பேணுதல் – ஹவாய் மரபும் இருபதாம் நூற்றாண்டு மாற்றங்களும்

ஆய்வுச்சுருக்கம்

அலைச்சறுக்கு விளையாட்டின் வரலாற்றில், உள்ளீடற்ற மரப்பலகை டாம் பிளேக் என்னும் அமெரிக்கரின் கண்டுபிடிப்பாகவே பெரும்பாலும் எழுதப்படுகின்றது. 1932ஆம் ஆண்டில் அவர் பெற்ற காப்புரிமை இக்கருத்துக்கு முதன்மைச் சான்றாகக் காட்டப்படுகின்றது. காப்புரிமை ஆவணம் பலகை கட்டப்படும் விதத்தை மட்டுமே பதிவு செய்கின்றது. அப்பலகைக்கு முன்மாதிரியாக அமைந்த ஹவாய் மரபையும், அதனை ஓட்டியோர் கண்ட குறைகளையும், அதனைப் பேணுவதற்குத் தேவைப்பட்ட அன்றாட உழைப்பையும் அது பதிவு செய்வதில்லை. இலேசான மரம் கிடைக்காத சூழலில் அதற்கு மாற்றாகக் காற்று அமைந்தது என்பதும், அக்காற்றைக் காக்கும் பொறுப்பு பலகையின் வாழ்நாள் முழுவதும் உரியவரைச் சார்ந்தது என்பதும் இக்கட்டுரையின் கருதுகோள்கள் ஆகும்.

திறவுச்சொற்கள்: அலைச்சறுக்கு, ஹவாய், ஓலோ, விலிவிலி, டாம் பிளேக், காப்புரிமை, பொருள்சார் பண்பாடு, பராமரிப்பு.

1. முன்னுரை

தொழில்நுட்ப வரலாறு பெரும்பாலும் கண்டுபிடிப்புகளின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. யார் முதலில் செய்தார், எந்த ஆண்டில் செய்தார் என்னும் வினாக்களுக்கு விடை கிடைத்தவுடன் ஆய்வு நிறைவுற்றதாகக் கருதப்படுகின்றது. செய்யப்பட்ட பொருள் எவ்வாறு பயன்பட்டது, எவ்வாறு பழுதுற்றது, யாரால் சீர்செய்யப்பட்டது என்னும் வினாக்கள் பின்னுக்குத் தள்ளப்படுகின்றன. மரத்தாலான நீரூர்திகளைப் பொறுத்தவரை இது பெருங்குறையாகும். நீரும் வெயிலும் மரத்தை இடையறாது தாக்குவதால், அவ்வூர்திகள் கட்டப்பட்ட நாளோடு முடிந்துவிடுவதில்லை. பேணப்படும் வரையே அவை ஊர்திகளாக இருக்கின்றன.

உள்ளீடற்ற அலைச்சறுக்குப் பலகை இதற்குத் தக்க சான்றாகும். திண்மையான மரப்பலகையில் விரிசல் கண்டாலும் அது மிதக்கும். உள்ளீடற்ற பலகையில் மயிரிழை விரிசல் தோன்றினாலும் நீர் உட்புகும். எனவே கட்டுதல், ஓட்டுதல், பேணுதல் ஆகிய மூன்றையும் ஒருங்கே வைத்து நோக்கினால்தான் இப்பலகையின் எழுச்சியையும் வீழ்ச்சியையும் விளங்கிக்கொள்ள இயலும்.

2. ஹவாயின் மரபுப் பலகைகள்

ஹவாய்த் தீவுகளில் ஐரோப்பியர் வருகைக்கு முன்பே அலைச்சறுக்கு வளர்ந்த கலையாக விளங்கிற்று. பலகைகள் அளவாலும் பயனாலும் வகைப்படுத்தப்பட்டிருந்தன. அவற்றுள் அலாயா, ஓலோ என்னும் இரண்டும் இங்குக் குறிப்பிடத்தக்கன. அலாயா மெல்லியது, ஒப்பீட்டளவில் குறுகிய நீளமுடையது. ஓலோ மிக நீண்டது, நடுப்பகுதி தடித்தது, அகலம் குறைந்தது. இது அலிஈ எனப்பட்ட தலைவர் குடியினருக்கு உரியதாகக் கருதப்பட்டது.

ஓலோவுக்கு உகந்த மரமாகக் குறிப்பிடப்படுவது விலிவிலி. இது நம் ஊர்களில் வேலியோரம் வளர்க்கப்படும் கல்யாண முருங்கையின் பேரினத்தைச் சேர்ந்தது. தாவரவியலார் இப்பேரினத்தை எரித்ரினா என அழைப்பர். கல்யாண முருங்கையின் கட்டையைக் கையில் எடுத்துப் பார்த்தவர் விலிவிலியின் இலேசான தன்மையை எளிதில் உய்த்துணரலாம். ஹவாய் மக்கள் இம்மரத்தைப் படகின் பக்கமிதவைகளுக்கும் மீன்வலை மிதவைகளுக்கும் பயன்படுத்தினர். மிதப்பது எந்த மரம் என்னும் அறிவு அவர்களுடைய படகுத் தொழிலிலும் மீன்பிடித் தொழிலிலும் ஏற்கெனவே இருந்தது. ஓலோ அவ்வறிவின் நீட்சியாகும்.

பலகை செய்யும் முறை குறித்தும் பேணும் முறை குறித்தும் 1896ஆம் ஆண்டில் தாமஸ் த்ரம் வெளியிட்ட ஹவாய் ஆண்டுமலரில் ஒரு கட்டுரை இடம்பெற்றது. கோனாப் பகுதியைச் சேர்ந்த ஹவாய்க் குடியினர் ஒருவர் தந்த செய்திகளின் அடிப்படையில் அது அமைந்தது. மரத்தைத் தேர்ந்து வெட்டியதும் அதன் வேரருகே கூமூ என்னும் செந்நிற மீனைப் படையலாக வைத்து வேண்டுதல் செய்தனர். கல் வாய்ச்சியால் மரத்தைச் செதுக்கி உருவாக்கினர். பவளப்பாறைத் துண்டாலும் சொரசொரப்பான கல்லாலும் தேய்த்து வழவழப்பாக்கினர். குக்குயி மரப்பட்டை, அதன் கொட்டையை எரித்துப் பெற்ற கரி, கீ என்னும் செடியின் வேர் முதலியவற்றால் சாயமேற்றினர். பயன்பாட்டிற்குப் பின் பலகையை வெயிலில் நன்கு உலர்த்தி, எண்ணெய் பூசி, கப்பா எனப்படும் மரப்பட்டைத் துணியால் சுற்றி வீட்டினுள் தொங்கவிட்டனர்.

இவ்விவரிப்பில் பேணுதல் செய்முறையின் பின்னிணைப்பாக இடம்பெறவில்லை, அதன் இறுதிப் படியாகவே இடம்பெறுகின்றது. இலேசான மரம் நீரை உறிஞ்சினால் கனத்துவிடும், உலர்த்தினால் மீண்டும் இலேசாகும். கரைசேர்ந்தபின் கட்டுமரத்தின் கட்டவிழ்த்து மரங்களை உலரவிடும் சோழமண்டலக் கரை மீனவரின் வழக்கமும் இத்தகைய தேவையிலிருந்து எழுந்ததே. இவ்விரு மரபுகளுக்கும் நேரடித் தொடர்பு உண்டு என்பது இங்குக் கருத்தன்று. இலேசான மரத்தோடு கடலில் இறங்கிய மக்கள் ஒரே சிக்கலுக்கு ஒத்த விடை கண்டனர் என்பதே நோக்கத்தக்கது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கொள்ளை நோய்களால் ஹவாய் மக்கள்தொகை பேரளவில் குறைந்தது. பழைய சமய ஒழுகலாறுகள் நீங்கின. 1893இல் அரசு கவிழ்க்கப்பட்டு, 1898இல் தீவுகள் அமெரிக்காவுடன் இணைக்கப்பட்டன. அலைச்சறுக்கு முற்றிலும் அழியவில்லை எனினும், ஓலோ போன்ற நீள்பலகைகள் வழக்கிழந்தன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வைகீகீ கடற்கரையில் இவ்விளையாட்டு மறுமலர்ச்சி பெற்றபோது, பலகைகள் பெரிதும் கலிபோர்னியாவிலிருந்து வந்த ரெட்வுட் மரத்தால் செய்யப்பட்டன. ரெட்வுட் நீரில் எளிதில் அழுகாதது, ஆயினும் விலிவிலியைவிட மிகவும் கனமானது. மரம் மாறியதும் நீளம் குறைந்தது. கனமான மரத்தில் ஓலோவின் நீளத்தைக் கையாளுதல் அரிது.

3. அருங்காட்சியகத்திலிருந்து காப்புரிமை அலுவலகம் வரை

டாம் பிளேக் 1902ஆம் ஆண்டு விஸ்கான்சின் மாநிலத்தின் மில்வாக்கி நகரில் பிறந்தவர். 1920இல் டெட்ராய்ட் நகரில் ஹவாயின் புகழ்பெற்ற நீச்சல் வீரர் டியூக் கஹானமோக்குவைச் சந்தித்தார். 1924இல் ஹவாய்க்குச் சென்றார். ஹொனலூலுவின் பிஷப் அருங்காட்சியகத்தில், தலைவர் அப்னர் பாக்கிக்கு உரியனவாயிருந்த நீள்பலகைகள் இருந்தன. அவ்வருங்காட்சியகமே பாக்கியின் மகளான பெர்னிஸ் பவாஹி பிஷப்பின் நினைவாக 1889இல் நிறுவப்பட்டது ஆகும். பிளேக் அருங்காட்சியகத்தின் இசைவுடன் பழைய பலகைகளைச் சீர்செய்தார். அப்பணியின் வழியாகவே அவற்றின் நீளமும் வளைவும் அவருக்குக் கைப்பழக்கமாயின.

1926இல் அவர் ஓலோவின் வடிவில் ஒரு பலகை செய்ய முற்பட்டார். அதற்கென 16 அடி நீளமும் 2 அடி அகலமும் 4 அங்குலத் தடிப்பும் கொண்ட ரெட்வுட் பாளத்தைத் தேர்ந்தார். அதில் மேலிருந்து கீழாக எண்ணற்ற துளைகளை இட்டு, ஒரு திங்கள் உலரவிட்டு, பின்னர் மெல்லிய மரத்தால் மூடினார். முடிவில் அது ஏறத்தாழ 15 அடி நீளமும் 19 அங்குல அகலமும் 120 பவுண்டு எடையும் உடையதாயிற்று. அதே வடிவில் அமைந்த திண்பலகை இதைவிடக் கணிசமாகக் கனத்திருக்கும்.

இங்கு நிகழ்ந்ததைக் கூர்ந்து நோக்க வேண்டும். பிளேக் புதிய வடிவமொன்றைத் தேடவில்லை. பழைய வடிவத்தை, அதற்குரியதல்லாத மரத்தில் செய்ய முயன்றார். விலிவிலியில் இயற்கையாக அமைந்திருந்த இலேசை ரெட்வுட்டில் துளைகளால் உண்டாக்கினார். உள்ளீடற்ற பலகையின் தோற்றத்தை 'மாற்றீடு' என்னும் சொல்லால் குறிப்பதே பொருத்தமுடையது.

1929ஆம் ஆண்டின் இறுதியிலும் 1930இன் தொடக்கத்திலும் அலவாய்க் கால்வாயில் நடைபெற்ற துடுப்பில்லாப் பலகைப் போட்டிகளில் பிளேக் தம் உள்ளீடற்ற பலகையுடன் வென்று முந்தைய சாதனைகளை முறியடித்தார். வெற்றி பலகையினுடையதா வீரருடையதா என்னும் பூசல் எழுந்தது. 1931இல் அவர் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1932 ஆகஸ்ட் 16 அன்று 1,872,230 என்னும் எண்ணில் 'நீர்ச் சறுக்குவண்டி' எனப் பொருள்படும் தலைப்பில் அது வழங்கப்பட்டது. அதே ஆண்டில் அவரும் பீட் பீட்டர்சன், வாலி பர்ட்டன் ஆகியோரும் கலிபோர்னியக் கரைக்கும் கேட்டலினா தீவுக்கும் இடைப்பட்ட 20 மைலுக்கும் மேற்பட்ட கடற்பரப்பை இத்தகைய பலகைகளில் கடந்தனர். பிளேக் எடுத்துக்கொண்ட நேரம் 5 மணி 53 நிமிடம்.

காப்புரிமை, குறிப்பிட்ட கட்டுமுறையைத் தனியொருவரின் உடைமையாக்கியது. ஓலோ என்னும் மாதிரி ஹவாய் மக்களுக்கு உரியது என்பதைப் பதிவதற்கு அவ்வாவணத்தில் இடமில்லை. ஆயினும் இதனைப் பிளேக்கின் தனிப்பட்ட மறைப்பாகக் கொள்ளுதல் முறையன்று. 1935இல் ஹொனலூலுவில் வெளியான ஹவாயின் அலைப்பலகை பற்றிய தம் நூலில் அவர் பழைய பலகைகளைப் பற்றியும் பாக்கியைப் பற்றியும் விரிவாக எழுதினார். நூல் நினைவில் வைத்ததைச் சட்ட ஆவணத்தின் வடிவம் விட்டுவிட்டது. காப்புரிமையை மட்டும் சான்றாகக் கொள்ளும் வரலாறு அவ்விடுபடலைத் தானும் பின்பற்றிவிடுகின்றது.

4. கட்டுமுறையும் அதன் பரவலும்

துளையிட்ட பாளம் விரைவில் சட்டக அமைப்புக்கு இடம் தந்தது. பலகையின் இருபுறமும் நீண்ட பக்கச் சட்டங்கள் அமைந்தன. அவற்றிடையே குறுக்குச் சட்டங்கள் இடைவெளி விட்டுப் பொருத்தப்பட்டன. தோணி கட்டுவோர் வங்கு எனக் குறிப்பிடும் விலாச்சட்டங்களின் பணியையே இவை செய்தன. மேலும் கீழும் மெல்லிய மரத்தகடுகள் பசையாலும் பித்தளைத் திருகாணிகளாலும் பிணைக்கப்பட்டன. பிற்காலத்தில் மரத்தகட்டின் இடத்தை நீர்தாங்கும் பிளைவுட் பெற்றது. உட்புகுந்த நீரை வெளியேற்ற மேற்பரப்பில் ஒரு துளையும் அதற்கு இறுக்கமான அடைப்பானும் வைக்கப்பட்டன.

இம்முறையில் எடையும் வலிமையும் வேறுவேறு உறுப்புகளிடம் பகிர்ந்தளிக்கப்பட்டன. திண்பலகையில் மரத்தின் இயல்பே பலகையின் இயல்பாகும். சட்டகப் பலகையிலோ, குறுக்குச் சட்டம் தகட்டை வளையாது தாங்குகின்றது, தகடு நீரைத் தடுக்கின்றது, அடைபட்ட காற்று மிதப்பைத் தருகின்றது. ஒரு கன அடிக் கடல்நீரின் எடை ஏறத்தாழ 64 பவுண்டு. ஒரு கன அடி உலர்ந்த ரெட்வுட்டின் எடை ஏறத்தாழ 28 பவுண்டு. ஆகவே மூழ்கிய ஒரு கன அடி ரெட்வுட் 36 பவுண்டு அளவே தாங்கும். அவ்விடத்தில் காற்று இருப்பின் 64 பவுண்டும் தாங்கு திறனாகின்றது.

காப்புரிமையின் கீழ்க் கலிபோர்னியாவின் தாமஸ் ரோஜர்ஸ் நிறுவனமும், பின்னர் ஏணிகள் செய்துவந்த லாஸ் ஏஞ்சல்ஸ் நிறுவனமொன்றும் இப்பலகைகளைத் தயாரித்தன. இலேசான நெடுஞ்சட்டங்களைக் குறுக்குச் சட்டங்களால் இணைக்கும் கைத்திறன் இரண்டுக்கும் பொதுவானது என்பதால் இது வியப்புக்குரியதன்று. 1937இல் பாப்புலர் மெக்கானிக்ஸ் இதழ் இப்பலகையின் கட்டுமான வரைபடத்தை வெளியிட்டது. பெரிய ரெட்வுட் பாளமோ அதனைச் செதுக்கும் தேர்ந்த கையோ இல்லாதவரும், மெல்லிய தகடுகளும் சாதாரணத் தச்சுக் கருவிகளும் கொண்டு வீட்டுக் கொட்டகையில் பலகை கட்ட இதனால் இயன்றது. ஒரு காலத்தில் தலைவர் குடிக்குரியதாயிருந்த நீள்பலகையின் வழித்தோன்றல், மரத்தச்சு அறிந்த எந்த இளைஞரும் செய்துகொள்ளத்தக்க பொருளாயிற்று. சட்டம் தனியுடைமையாக்கியதை வரைபடம் நடைமுறையில் பொதுவாக்கியது எனலாம்.

5. ஓட்டுமுறை

நீளமும் மிதப்பும் மிகுந்த இப்பலகை கைகளால் துழாவும்போது விரைந்து செல்லும். அலை செங்குத்தாகத் திரள்வதற்கு முன்பே, அது வெறும் மேடாக இருக்கும் நிலையிலேயே அதனைப் பற்றிக்கொள்ள இயலும். இவ்வியல்பே உயிர்காப்புப் பணியில் இதற்கு மதிப்பைத் தந்தது. 1925இல் கொரோனா டெல் மார் கடற்பகுதியில் படகு கவிழ்ந்தபோது கஹானமோக்கு தம் பலகையின் துணையால் 8 பேரை மீட்ட நிகழ்ச்சி, பலகை ஒரு மீட்புக் கருவியாகவும் அமையும் என்பதை உணர்த்தியிருந்தது. விரைவும் தாங்குதிறனும் கூடிய உள்ளீடற்ற பலகையை அமெரிக்கக் கடற்கரைக் காவலர் விரும்பி ஏற்றனர்.

எனினும் அலைமீது திருப்புதல் கடினமாக இருந்தது. பெட்டி போன்ற பக்க விளிம்புகளும் தட்டையான அடிப்புறமும் நீரைப் பற்றிக்கொள்ளவில்லை. திரும்ப விரும்பும் பக்கத்தில் ஒரு காலை நீரில் இழுத்தே பலகையைத் திருப்ப வேண்டியிருந்தது. செங்குத்தான அலையில் பின்பகுதி பக்கவாட்டில் வழுக்கிச் சென்றது. 1935இல் பிளேக் பழைய விசைப்படகொன்றின் அடிக்கட்டையைப் பலகையின் பின்னடியில் பொருத்தினார். அலைச்சறுக்குப் பலகையின் துடுப்புக்கு இதுவே தொடக்கமாகக் கருதப்படுகின்றது.

இதே சிக்கலுக்கு ஹவாய் இளைஞர் வேறு விடை கண்டனர். 1937இல் ஜான் கெல்லி, பிரான் ஹீத், வாலி பிராய்செத் ஆகியோர் திண்பலகையின் பின்பகுதியைச் செதுக்கிக் குறுக்கினர். கூர்த்த அடிப்புறம் அலையினுள் அழுந்திப் பலகை வழுக்குவதைத் தடுத்தது. 'ஹாட் கர்ல்' எனப் பெயர்பெற்ற இவ்வகையை உள்ளீடற்ற பலகையில் அப்படியே செய்ய இயலாது. கோடரியால் செதுக்கினால் அடைபட்ட காற்று வெளியேறிவிடும். திண்பலகையை ஓட்டுநர் கரையிலேயே திருத்திக்கொள்ளலாம். உள்ளீடற்ற பலகையின் வடிவத்தை மாற்ற, அதனைப் பிரித்து மீண்டும் கட்ட வேண்டும். வீட்டில் எளிதில் கட்டத்தக்கதாய் இருந்த இப்பலகை, கட்டியபின் மாற்றத்துக்கு இடங்கொடாததாய் இருந்தது. பின்னாளில் அது 'சுருட்டுப் பெட்டி' என்றும், கற்றுக்குட்டியின் பெட்டி எனப் பொருள்படும் சொல்லாலும் எள்ளப்பட்டது.

6. பராமரிப்பு

இப்பலகையின் அன்றாடக் கவனிப்பு முழுவதும் அடைபட்ட காற்றைச் சுற்றியே அமைந்தது. உட்புகும் நீர் இருவகையில் கேடு விளைவிக்கும். முதலாவது எடை. 10 லிட்டர் கடல்நீர் புகுந்தால் பலகையின் எடை 10 கிலோவுக்கும் சற்று மேலாகக் கூடும். இரண்டாவது, அந்நீர் ஓரிடத்தில் நில்லாமை. அலையில் இறங்கும்போது அது முன்பகுதிக்கு ஓடும், எழும்போது பின்பகுதிக்கு ஓடும். அதனால் பலகை ஓட்டுநரின் கட்டுப்பாட்டை மீறும்.

வெயிலும் இதற்கிணையான பகையாகும். 20 பாகை செல்சியஸில் அடைக்கப்பட்ட காற்று, சுடுமணலில் 50 பாகையை எட்டினால், அதன் அழுத்தம் ஏறத்தாழ 10 விழுக்காடு உயரும். ஒரு சதுர அடித் தகட்டின்மீது அது உள்ளிருந்து 100 கிலோ எடைக்கு நிகரான விசையைச் செலுத்தும். பொருத்துவாய்கள் இதனால் தளரும். பின்னர் அப்பலகையைக் குளிர்ந்த நீரில் இறக்கினால் உட்காற்று சுருங்கி, தளர்ந்த வாய்களின் வழியே நீரை உள்ளிழுக்கும். ஆகவே கரையில் அடைப்பானைத் திறந்துவைத்தலும், கடலில் இறங்குமுன் அதனை மூடுதலும், நிழலில் உலர்த்துதலும் இன்றியமையாதனவாகும். ஆண்டுதோறும் பொருத்துவாய்களைச் சோதித்தல், திருகாணிகளை இறுக்குதல், பழைய வார்னிஷைத் தேய்த்து நீக்கிப் புதிது பூசுதல் ஆகியனவும் இப்பேணுதலில் அடங்கும்.

ஓலோவை உலர்த்தி, எண்ணெய் பூசித் துணியில் பொதிந்த ஹவாய் வழக்கத்தோடு இதனை ஒப்பிடலாம். இரண்டிலும் நோக்கம் நீரை விலக்குதலே. வேறுபாடு, தவறின் விளைவில் உள்ளது. எண்ணெய் பூச மறந்த விலிவிலிப் பலகை சற்றே கனக்கும். அடைப்பானை மறந்த உள்ளீடற்ற பலகை கடல்நடுவில் கைவிட்டுவிடும். மரத்தின் இயல்பிடமிருந்து உரியவரின் விழிப்பிடம் பாதுகாப்பு இடம்பெயர்ந்தது என இதனைச் சுருக்கிக் கூறலாம்.

7. வீழ்ச்சியும் மீள்வருகையும்

இரண்டாம் உலகப் போருக்குப் பின் பால்சா மரமும் கண்ணாடி இழைப் பூச்சும் இணைந்தபோது, இலேசும் திண்மையும் ஒருங்கே வாய்த்தன. 1950களில் பாலியூரித்தேன் நுரைப்பலகை தோன்றியது. இலேசான திண்பொருள் கிடைத்ததும் உள்ளீடற்ற பலகைக்கான தேவை அருகியது. இக்கட்டுரையின் கருதுகோளுக்கு இது ஒரு சான்றாகும்.

மற்றொரு சான்று ஆஸ்திரேலியாவில் கிடைக்கின்றது. அங்கு 1930கள் முதல் 16 அடி அளவிலான உள்ளீடற்ற பலகைகள் கடற்கரைச் சங்கங்களில் வழங்கின. 'பல்குச்சி' என்பது அவற்றின் பட்டப்பெயர். 1956இல் மெல்போர்ன் ஒலிம்பிக்கை ஒட்டி வந்த அமெரிக்க உயிர்காப்பு வீரர்கள் குறுகிய பால்சாப் பலகைகளில் அலைமீது விருப்பம்போல் திரும்பிக் காட்டினர். உள்ளூர்த் தயாரிப்பாளர்கள் அவ்வடிவத்தை உடனே பின்பற்ற விரும்பினர். ஆயினும் பால்சா போதிய அளவில் கிடைக்கவில்லை. எனவே அப்புதிய வடிவத்தைப் பிளைவுட்டால் உள்ளீடற்றதாகச் செய்தனர். 'ஓகனூயி' என வழங்கிய இப்பலகை, பால்சா இறக்குமதி சீரடையும் வரை நிலவியது. 1926இல் விலிவிலியின் இடத்தில் காற்று நின்றது. 1956இல் பால்சாவின் இடத்தில் மீண்டும் காற்று நின்றது.

2005 டிசம்பர் 5 அன்று, அமெரிக்காவின் நுரைப்பாளத் தேவையில் பெரும்பகுதியை நிறைவு செய்துவந்த கிளார்க் ஃபோம் நிறுவனம் முன்னறிவிப்பின்றி மூடப்பட்டது. மாற்றுப் பொருள்கள்மீது கவனம் திரும்பியது. அதே ஆண்டில் மெய்ன் மாநிலத்தின் யார்க் நகரில் தொடங்கப்பட்ட கிரெய்ன் நிறுவனம், மீன்முள் போன்ற சட்டகத்தின்மீது மெல்லிய சிடார் பட்டிகளை ஒட்டிப் பலகை செய்தது. அத்துடன் கட்டுவதற்கான பொருள்தொகுப்புகளை விற்றது, பட்டறைப் பயிற்சியும் அளித்தது. இங்குப் பற்றாக்குறையோடு சூழலியல் விருப்பமும் கைவினை நாட்டமும் இணைந்துள்ளன. ஆதலால் இம்மீள்வருகையை மாற்றீடு என்னும் ஒற்றைக் காரணத்தால் விளக்கிவிட இயலாது. எனினும் காற்றுத்துளையும் அடைப்பானும் இன்றைய பலகைகளிலும் நீடிக்கின்றன. பழைய பராமரிப்பு அறிவு அவற்றின் வழியே தொடர்கின்றது.

8. முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வருவன பெறப்படுகின்றன. உள்ளீடற்ற அலைச்சறுக்குப் பலகை, ஹவாயின் நீள்பலகை மரபை வேற்று மரத்தில் மீட்கும் முயற்சியிலிருந்து பிறந்தது. ஹவாய் மக்கள் உள்ளீடற்ற சட்டகப் பலகையைச் செய்தனர் என்பதற்கு இது சான்றாகாது. பிளேக்கின் பங்கு உண்மையானது, ஆயினும் அது தனித்து நின்றதன்று. இலேசான திண்பொருள் அரிதான இடங்களில் இப்பலகை எழுந்தது, அது கிடைத்தவுடன் பின்வாங்கியது. கட்டுவதில் எளிமையைத் தந்த இம்முறை, திருத்துவதில் அருமையையும் பேணுவதில் இடையறாத பொறுப்பையும் கூடவே கொணர்ந்தது.

கண்டுபிடிப்பாளரை மட்டும் தேடும் வரலாறு 1932ஆம் ஆண்டு ஆவணத்தோடு நின்றுவிடும். பிளேக் அருங்காட்சியகப் பலகைகளைச் சீர்செய்தமை அதற்கு முன்னுரையாகவும், பெயரறியாத பலர் வீட்டுக் கொட்டகைகளில் பொருத்துவாய்களைச் சோதித்தமை அதற்குப் பின்னுரையாகவும் சுருங்கிவிடும். பேணுதலை மையமாகக் கொண்டால் இவ்விரண்டும் வரலாற்றின் உடற்பகுதிக்குள் இடம்பெறும். நம் கடற்கரைகளின் மரக்கலங்கள் குறித்த ஆய்வுகளும் கட்டிய முறையோடு நில்லாது, உலர்த்தியோர், அடைத்தோர், பழுதுபார்த்தோர் ஆகியோரின் அறிவையும் தொகுத்துப் பதிவு செய்தல் வேண்டும். அவ்வறிவு ஏட்டில் ஏறாதது. அதனையுடையோர் வாழும் காலத்திலேயே கேட்டுப் பதிய வேண்டியது.